நாகபூஷணம் வீட்டு மீட்டர் கூடத்துக்கு வந்த கதை

"எல்லை விவகாரத்தில் இன்று..." என்று ஆரம்பித்தது ரேடியோ. அத்தோடு செத்தது.

கூடத்து பல்பும் கூடவே செத்தது. நாகபூஷணம் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்தார், இருட்டில் சொம்பை உதைத்தார், சொம்பைத் திட்டினார். பிறகு சமையல்கட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"தாட்சாயணி! மறுபடியும் பியூஸ் போச்சா?"

"போச்சுங்க! இருங்க, பாக்கறேன்!"

வெளிச்சம் வந்தது. ரேடியோ பேசவில்லை. உள்ளே வால்வு சூடேறாமல் அது வாயைத் திறக்காது. சூடேறித் திறந்தபோது செய்தி முடிந்து யாரோ வீணை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லை இன்னா ஆச்சு, அண்ணா?" என்று கேட்டார், தினமும் செய்தி கேட்க வந்து பக்கத்தில் உட்காரும் சிநேகிதர் வேதாச்சலம். அவருக்கு எல்லையைவிடத் தாட்சாயணி போடும் காப்பியில்தான் அக்கறை.

"வீணையைக் கேளு, சொல்லும்!"

ஆந்திரா தனி ராஜ்யமாகி வருஷங்கள் ஓடியும், இவர்கள் ஊரான நகரி ஆந்திராவுக்கா மெட்ராஸுக்கா என்ற தகராறு ஓயாத காலம் அது. ஊரில் மற்றவர்கள் தறியைப் பார்த்தார்கள், வயலைப் பார்த்தார்கள். நாகபூஷணம் எல்லையைப் பார்த்தார். நூல் கடையைப் பூட்டியதும் நேராக ரேடியோவுக்கு முன்னால் வந்து விழுவார். எல்லை முடியாததால் அவர் வீட்டில் ஒன்றுமே முடியவில்லை. ஓடு மாற்றுவதா? எல்லை முடியட்டும். சுண்ணாம்பு அடிப்பதா? எல்லை முடியட்டும். சமையல்கட்டுக்கு ஜன்னலா? கேட்கவே வேண்டாம்.

அந்தச் சமையல்கட்டு ஒரு சமையல்கட்டே இல்லை. பாகப்பிரிவினையில் நல்ல சமையல்கட்டு அண்ணன் பங்குக்குப் போய்விட, நூல் மூட்டை போடும் அறையில் அடுப்பு மூட்ட வேண்டியதாயிற்று. மூட்டைக்கு எதற்கு ஜன்னல்? ஒன்றும் கிடையாது. சந்துப் பக்கச் சுவரில் ஒன்று வைக்கலாம். ஆனால் அந்தச் சுவரின் நட்டநடுவில், தாட்சாயணியின் மாமனார் காலத்து மீட்டரும் பியூஸ் போர்டும் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தன. தாட்சாயணி கண்ணைக் கசக்கிக்கொண்டே சோறாக்கினாள். தாளிக்கிற அன்றைக்கு, யாரோ செத்துப்போன வீடு மாதிரி இருக்கும்.

"அந்த மீட்டரைக் கூடத்துக்கு மாத்திடுங்க. நான் ஒரு ஜன்னல் வெச்சுக்கறேன்" என்று அவள் எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள்.

"எந்த சர்க்காருக்குடி மனு போடறது? ஆந்திராவுக்குப் போட்டு, நாளைக்கு நகரி மெட்ராஸோட போயிட்டா? மனு அந்த ராஜ்யம், மீட்டர் இந்த ராஜ்யமா நிக்கும். எல்லை முடியட்டும்."

"அதுக்குள்ள என் கண்ணு அவிஞ்சிடும்."

பிறகு அவள் கேட்பதையே விட்டுவிட்டாள். ஜெயித்துவிட்டோம் என்று நாகபூஷணம் மீசையைத் தடவினார். பெண்டாட்டி கேட்பதை நிறுத்தினால்தான் பயப்பட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

மறுநாளும் பியூஸ் போனது. அதற்கு மறுநாளும். மற்ற நேரமெல்லாம் கல்லுக்குண்டு மாதிரி இருக்கும் பியூஸ், செய்தி ஆரம்பித்தால் மட்டும் போகும். நாகபூஷணம் முட்டாள் இல்லை. நிதானமாகப் புரிகிறவர். தாட்சாயணி குழாயடிக்குப் போன நேரம் பார்த்து, மெயினை அணைத்துவிட்டுப் பியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பார்த்தார்.

கம்பி அறுந்து ஒட்டியதாக இல்லை. புகையில் கறுத்த பழைய கம்பி, முழுசாக இருந்தது. வெள்ளைப் பீங்கான் மேல், மஞ்சளில் ஒரு கட்டைவிரல் அடையாளம்.

"அடிப்பாவி! தானே பிடுங்கிட்டு, போச்சுன்னு சொல்றியா?"

ஏன் செய்கிறாள்? அதையும் கண்டுபிடித்துவிட்டார். வேதாச்சலத்துக்குக் காப்பி போட்டு அவளுக்கு மாளவில்லை. செய்தி இல்லாவிட்டால் வேதாச்சலம் வரமாட்டான். பியூஸ் அவள் கையில் இருக்கும்வரை செய்தி கிடைக்காது. அப்போதே ஒரு சபதம் எடுத்தார்.

அவள் குடத்தோடு உள்ளே வந்ததும் அறிவித்தார்.

"மீட்டர், போர்டு எல்லாம் கூடத்துக்கு வருது. என் நாற்காலிக்கு மேல!"

தாட்சாயணி குடத்தை இறக்கிவிட்டு ஓடிப்போய் மீட்டரை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"ஐயோ, வேணாங்க! வெள்ளிக்கிழமையானா பொட்டு வெச்சுக் கும்புட்டுக்கினு இருக்கேன். இத்தப் போய் எடுக்கறேன்றீங்களே!"

"எடுப்பேன்!"

"நீங்கதானே எல்லை முடியட்டும்னு சொன்னீங்க?"

"எல்லை கிடக்குது கழுதை! இன்னைக்கே மனு!"

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ரத்னம்மா எட்டிப் பார்த்தாள். "ஆம்பளை ஒரு முடிவு எடுத்துட்டாரு. வுட்டுடு தாட்சாயணி" என்றாள். நாகபூஷணத்துக்கு மார்பு ஒரு சுற்றுப் பெருத்தது.

மனுவோடு படி இறங்கியபோது ரத்னம்மா வாசலில் ஒரு தள்ளுவண்டி நின்றது. வண்டியில் தேக்கு ஜன்னல், கம்பி எல்லாம் வைத்துப் புத்தம் புதுசு.

"அண்ணா, ஒரு கை புடிங்களேன். வண்டிக்காரர் ஒருத்தரால ஆவல."

சபதம் எடுத்த மனுஷனுக்கு ஜன்னல் ஒரு கனமா? பிடித்தார். முக்கி முனகிப் பின்கட்டு வரைக்கும் கொண்டுபோய் வைத்தார்.

"உங்க வூட்டுக்காம்மா?"

"இல்லண்ணா. வேண்டப்பட்டவங்களுது. கொஞ்ச நாள் இங்க இருக்கும்."

"நல்ல மரம். வாங்கினவன் விவரமானவன்."

தாட்சாயணி தன் வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "பாத்து நிமிருங்க. இடுப்பு புடிச்சிக்கப் போவுது."

அழுதுகொண்டிருக்கும்போதும் புருஷன் இடுப்பை நினைக்கிறாளே என்று அவருக்குக் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. ஆனாலும் மனு போட்டுவிட்டார். போட்டதோடு விடவில்லை. கரண்ட் ஆபீசுக்குத் தினம் நடந்ததில், அவர்கள் இவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காமலே ஆளை அனுப்பினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை லைன்மேன் ஏழுமலை ஏணியோடு வந்தார். "எக்கட பெட்டாலி சார்?" என்று தெலுங்கில் கேட்டார், எங்கே வைப்பது என்று.

"இங்கதான். என் கைக்கு எட்டணும். வேற ஒரு கையும் எட்டக்கூடாது."

மத்தியானச் செய்திக்குள் வேலை முடிந்தது. தலைக்கு மேல் மீட்டர், கைக்கெட்டும் தூரத்தில் பியூஸ். நாகபூஷணம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். செய்தி ஆரம்பித்தது. நடுவில் சாகவில்லை. முழுசாகக் கேட்டார்.

எல்லை விவகாரத்தில் இன்று புதிதாக ஒன்றும் இல்லையாம்.

"டங்!" என்று சமையல்கட்டில் சத்தம். மறுபடியும் "டங்!" ஓடினார். மீட்டர் இருந்த இடத்தில் சுவர் இல்லை. ஒரு பெரிய ஓட்டை. ஓட்டைக்கு அந்தப் பக்கம், சந்தில், கடப்பாரையோடு கொத்தனார். அவர் பக்கத்தில் ரத்னம்மா. அவள் பக்கத்தில் அந்தத் தேக்கு ஜன்னல். அடுப்படியில் முதல் தடவையாக வெயில் விழுந்தது. அந்த வெயிலில் நின்று தாட்சாயணி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ... அந்த மஞ்சக் கை..."

"என் கைதாங்க. கழுவாமத்தான் வெச்சேன். உங்க கண்ணுல படணுமில்ல?"

நாகபூஷணம் வாயைத் திறந்தார். வால்வு சூடேறவில்லை.

"இன்னா, அப்படியே நின்னுக்கினு இருக்கீங்க?" என்றாள் தாட்சாயணி. "ஏற்கெனவே ஒரு தபா தூக்கினதுதானே, கனம் தெரியும். அந்தப் பக்கம் புடிங்க."