எலெக்ட்ரிக் கிடாரும் எக்ஸ்ட்ரா எர்த்தும்

ஹில்டா சண்டை போடவில்லை. செல்வநாதனுக்குச் சந்தேகம் வந்ததே அதனால்தான்.

பின்னே என்ன? பெரம்பூர் ஒர்க்‌ஷாப்பில் ரயில் பெட்டிக்கு ஒயரிங் பண்ணுகிற வேலையை, பென்ஷன் வருகிற வேலையை, "வர்ற திங்கக்கெயம உட்டுட்டு கிடார் வாசிக்கப் போறேன்" என்கிறான் புருஷன்காரன். ராயபுரத்தில் எந்தப் பெண்டாட்டி இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பாள்? பாத்திரம் பறந்திருக்க வேண்டாமா? இவளோ, "உன் இஷ்டம்யா" என்று வஞ்சிர மீன் வறுத்துப் போட்டாள். அதுவும் நடுத்துண்டு.

கிடார் அவனே செய்தது. பலாப் பலகையை இழைத்து, கம்பியின் அதிர்வைக் கரண்டாக்குகிற பழைய பிக்கப் ஒன்றை மூர் மார்க்கெட்டில் வாங்கிப் பதித்து, ஒயரை இழுத்து, ஹில்டா சீதனமாகக் கொண்டுவந்த வால்வு ரேடியோவின் முதுகில் சொருகினான். சத்தம் வந்தது. கொசு பாடுகிற மாதிரி வந்தது. கிடாரின் வால்யூம் குமிழை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருகினாலும் அதே கொசுதான்.

கல்யாண பேண்டு வைத்திருக்கும் கஸ்பார் மாஸ்டர் போன ஞாயிறு வந்து, ரேடியோவில் காதை ஒட்டவைத்துக் கேட்டார்.

"கை பட்டு மாதிரி கீது நைனா. எங்காளுங்க அல்லாம் கம்பிய அறுத்துத் தள்ளுவானுங்க. சவுண்ட மட்டும் சரி பண்ணி வெய்யி. அடுத்த ஞாயிறு வந்து கேக்கறேன். நல்லா கீதுன்னா பேண்டுல நீதான்."

அவ்வளவுதான், செல்வநாதன் ஸ்குரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்துவிட்டான். வால்யூம் கண்ட்ரோலுக்கு மூன்று கால். சத்தம் ஒரு காலில் நுழைந்து நடுக் காலால் வெளியே போகும். மிச்சக் கால் எர்த்து. ஈயம் வைத்துப் பற்றவைத்ததைப் பிரித்து மறுபடி பற்றவைத்தான். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினான். புதுக் கண்ட்ரோலே வாங்கிப் போட்டான். ஒவ்வொரு தடவையும் ஒர்க்‌ஷாப் வழக்கப்படி, கண்ணில் பட்டதற்கெல்லாம் பாதுகாப்புக்காகக் கூடுதலாக ஒரு எர்த்து கொடுத்தான். ரயில் பெட்டியில் எர்த்து விட்டுப்போனால் பிரயாணி காலி. செல்வநாதன் வேலையில் அந்தக் குறை மட்டும் யாரும் சொல்ல முடியாது. கொசு அப்படியே இருந்தது.

தன் வேலையில் தப்பில்லை. அப்படியானால் எவனோ கை வைக்கிறான். எவனோ என்ன எவனோ, வீட்டில் இருப்பது ஹில்டா ஒருத்திதானே!

ஒர்க்‌ஷாப்பில் முடுக்கிய நட்டின் மேல் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு இழுப்பார்கள். யாராவது கழற்றினால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். கிடாரின் முதுகுத் தகட்டில் இருந்த ஸ்குரூவுக்கெல்லாம் செல்வநாதன் கோடு போட்டான். வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கோட்டைத்தான் பார்ப்பான். பாழாய்ப்போன கோடு முழுசாக இருக்கும்.

"இன்னாய்யா அத்தையே மொறச்சிக்கினு கீற? டீ ஆறுது."

"இத்த தொட்டியாமே நீ?"

"தொடச்சேன். தூசி."

"வெளிய தொடச்சியா, உள்ளயும் தொடச்சியா?"

"இன்னாய்யா பேஜாரு! நீ பெரிய ஆளா வந்தா எனுக்குத்தானே பெரும?"

பெருமையாம்! செல்வநாதன் கோட்டை இன்னொரு தரம் தடவிப் பார்த்தான்.

ஞாயிறு பூசை முடிந்து, கஸ்பார் மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு சந்துக்குள் நுழைந்தான். அவன் வீட்டிலிருந்து ரேடியோ மெக்கானிக் காஜா மொய்தீன் வெளியே வந்துகொண்டிருந்தார். பையிலிருந்து பற்றவைக்கிற அயர்ன் எட்டிப் பார்த்தது.

"இன்னா பாய், நம்ம வூட்டாண்ட?"

"ஒண்ணுமில்ல மாமு, தங்கச்சி கூப்ட்டுச்சு" என்று நழுவினார் காஜா.

உள்ளே ஓடிப் பார்த்தான். சிவப்புக் கோடு அத்தனையும் உடைந்திருந்தது.

அடிப்பாவி! இருந்த கொசுவையும் ஆள் வைத்துக் கொன்றுவிட்டாளே! பிரித்துப் பார்க்க நேரமில்லை. மாஸ்டர் நாற்காலியில் சாய்ந்து டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தார். இருக்கட்டும், நானா இவளா, ஒரு கை பார்த்துவிடலாம். இவள் எவ்வளவு குறைத்திருந்தாலும் அவ்வளவையும் ஏற்றிவிட்டால் போச்சு! கிடார் குமிழைக் கோடி வரை திருகினான். ரேடியோ குமிழையும் கோடி வரை திருகினான். ஹில்டா முந்தானையைச் சுருட்டிக் காதில் வைத்துக்கொண்டாள். செல்வநாதன் கம்பியில் ஓங்கி ஒரு போடு போட்டான்.

ஆண்டவரே! ரேடியோ அலறியது. மாஸ்டர் மடியில் டீ இருந்தது. எதிர்வீட்டு ஷம்ஷாத் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்துவிட்டாள். செல்வநாதனுக்கோ தலைகால் புரியவில்லை. சத்தம் வந்துவிட்டதே, விடுவானா? கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் வாசித்தான். விரல் ஒரு பக்கம் போனது, தாளம் ஒரு பக்கம் போனது. இத்தனை நாள் காதில் விழாத பிசகெல்லாம் ஒன்றுவிடாமல் சந்து முழுக்கக் கேட்டது. கடைசியில் அவனுக்கே கேட்டது.

மாஸ்டர் பேண்ட்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"தப்பா நெனச்சுக்காத நைனா. போன வாரம் எனுக்கு ஒண்ணுமே சரியா கேக்கல. ரயில்வே வேலைய கெட்டியா புடிச்சுக்கோ." செருப்பை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டார்.

செல்வநாதன் பெண்டாட்டி பக்கம் திரும்பினான். "பாய வெச்சு இன்னாமே கெட்த்த?"

"கெட்த்தேனா? ரிப்பேர் பண்ணேன்யா! பாதுகாப்பு, பாதுகாப்புன்னு நீ நடுக் கால்லயும் ஒரு எர்த்து குட்த்துக்கீற. சவுண்டு பூரா அதுல எறங்கி பூட்ச்சாம். நீ பத்தவெச்சதும் சரியா ஒட்டல, அதான் கொஞ்சூண்டு தப்பிச்சு வந்துக்கீது. பாய் அந்த ஒயர வெட்னாரு, அவ்ளோதான்."

"என்னாண்ட ஏன்மே சொல்லல?"

"வேலைய உடாதன்னு நான் சண்ட போட்டிருந்தா, பொண்டாட்டி கெட்த்துட்டான்னு ஆயுசுக்கும் சொல்லிக்கினு இருப்ப. ரிப்பேர் ஆவலன்னா ஒயர சொல்லுவ. இப்போ அல்லாம் கரீட்டா கீது. யார சொல்லுவ?"

செல்வநாதன் சுற்றுமுற்றும் பார்த்தான். சொல்ல ஒருத்தரும் அகப்படவில்லை.

"நாளிக்கு வேலைக்கு கேரியர்ல இன்னா கட்டட்டும்யா? புளி சோறா, தயிர் சோறா?"

"தயிர் சோறு" என்றான். கிடாரைச் சுவரில் சாய்த்துவிட்டு, "ஊறுகாயும் வெய்மே" என்றான்.