மூன்று புள்ளிக்காரர்

மூன்று புள்ளிக்காரர் என்றோர் இனம் நம்மிடையே பெருகிவருவதைக் கவனித்திருப்பீர்கள். கைபேசித் திரையில் செய்தித் தலைப்பு இடம் போதாமல் பாதியில் நின்று மூன்று புள்ளி வைக்கிறதே, அங்கேயே அவருடைய வாசிப்பும் நின்றுவிடும். மீதியை அவரே எழுதிக்கொள்வார்.

இந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரைப் பாருங்கள். ஒரு காலத்தில் நாளிதழை டெண்டர் அறிவிப்பு வரை படித்து, திருத்தம் வெளியிட்டிருக்கிறார்களா என்றும் தேடி, நான்காக மடித்து வைத்த பிறகுதான் வாயைத் திறப்பார். இப்போது செய்தியே தம்மைத் தேடி வரும்போது தாம் அதற்குள் போவானேன் என்கிறார். அறிந்துகொள்ளும் ஆசை போய், அறிவிக்கும் ஆசை வந்துவிட்டது. இரண்டும் ஒன்றுதான் என்று அவருக்கு நினைப்பு.

அன்று மாலை மகள் மறுநாள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கைபேசி சிணுங்கியது. ‘கனமழை: நாளைய தேர்வு ஒத்திவைக்கப்பட...’

“புத்தகத்தை மூடும்மா! பரீட்சை தள்ளிப்போயிடுச்சு!”

அவள் மூடுவதற்குள் செய்தி உறவினர் குழு, தெருக் குழு, பழைய மாணவர் குழு மூன்றுக்கும் போய்விட்டது. ‘முதல்ல சொன்னது நீங்கதான் மாமா!’ என்று உறவினர் குழுவில் பாராட்டும் வந்தது. வேறென்ன வேண்டும் ஒரு மனிதனுக்கு?

“முழுசாப் படிச்சீங்களா?” என்றாள் மனைவி.

“இதுல படிக்க என்ன இருக்கு?”

அவள் கைபேசியை வாங்கினாள். “தள்ளிவச்சிருந்தா ‘ட’வுக்கு மேல ஒரு புள்ளி இருக்கணுமே, எங்க?” செய்தியைத் திறந்தாள். ஒத்திவைக்கப்படவில்லை.

மேலே இருக்கவேண்டிய ஒரு புள்ளி இல்லை. பின்னால் மூன்று இருந்தன.

“கடைக்கு வர்றவங்களை மட்டும் கடைசி வரி வரைக்கும் படிக்கச் சொல்றீங்களேப்பா!” மகள் புத்தகத்தைத் திறந்தாள்.

திருத்தம் அனுப்பினார். யாரும் சீண்டவில்லை, பொய்க்கு இருந்த கால் அதற்கு இல்லை. அதே தேர்வை எழுதவேண்டிய தங்கை மகளின் நினைவு வந்தது. தங்கையைத் தொலைபேசியில் பிடித்தார்.

“ஐயோ அண்ணா, அவ தோழி வீட்டுக்கு இப்பதான் பஸ் ஏறினா!”

“உடனே இறங்கச் சொல்லு! நாளைக்குப் பரீட்சை இருக்கு!”

“நான் எங்க ஆபீஸ் குரூப்லயும் போட்டுட்டேனே!”

“படிச்சுப் பார்க்காமலா போட்டே?”

“நீங்க படிச்சிருப்பீங்கன்னுதானே போட்டேன்!”

நீங்கள் சிரிக்கிறீர்கள். இதை உடனே யாருக்கு அனுப்பவேண்டும் என்று ஒரு முகமும் உங்கள் மனத்தில் வந்துவிட்டது. அனுப்புங்கள். அவருக்கு வரும் முகம் யாருடையது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.