எஸ்ரா பிராக்கெட்டின் கறுப்புக் கோட்டு

மூன்றாவது தாளிலும் எஸ்ரா பிராக்கெட் கழுத்துக்குக் கீழே காணாமல் போயிருந்தார். முகம் நன்றாக வந்தது. மீசை முடி முடியாகத் தெரிந்தது. கறுப்புக் கோட்டு மட்டும் பின்னாலிருந்த இருட்டோடு கலந்து மைக்குட்டையாகக் கிடந்தது.

மகன் ஆல்டன் தாளை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தார். நாளை தீயணைப்பு நிலையத்தில் பீன்ஸ் விருந்து. ஊர் கூடியிருக்க, அப்பாவின் படத்தைத் திறந்து வைக்கிறார்கள். கம்பளி ஆலை எரிந்த இரவில் முதல் ஆளாக மணியடித்தவர் அவர். தீ எப்படிப் பிடித்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அதன்பின் சாகும்வரை அவர்தான் ஊரின் தீயணைப்புத் தலைவர். அந்த இரவில் ஆலை வாசலில் எடுத்த படம் இது.

அம்மா கைப்பட அச்சிட்ட பிரதி கூடத்தில் கரேலென்று தொங்கியது. பிராக்கெட் குடும்பம் ஊர்ச் சுவருக்கு அரைகுறையாகப் போகக் கூடாது. ஆல்டன் நெகட்டிவைத் தேடி எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார்.

"லொரெய்ன், சர்ச் நோட்டீஸ் அடிச்சு அடிச்சு இந்த பிரிண்டரைப் பாழாக்கிட்டே."

"நோட்டீஸ் நல்லாத்தானே வருது," என்றாள் மனைவி, காபியை வைத்தபடி. "கூடத்துல இருக்கறதையே மாட்டினா என்ன?"

"அது புகை பிடிச்ச மாதிரி இருக்கு. அம்மாவுக்கு அச்சடிக்கத் தெரியல."

லொரெய்ன் கோப்பையின் காதை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனாள்.

வெள்ளையில் தொடங்கிக் கறுப்பில் முடியும் சோதனைக் கட்டங்களை ஆல்டன் அச்சிட்டார். கறுப்புக் கோடியில் இருந்த கட்டங்கள் எல்லாம் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தன. தேடியதில் குற்றவாளி அகப்பட்டது. தாள் வகை 'தடித்த அட்டை' என்றிருந்தது. மெல்லிய தாளில் அட்டைக்கான மையைக் கொட்டினால் வேறென்ன ஆகும்? மாற்றினார். நிமிர்ந்த முதுகோடு எழுந்து போய்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து அச்சிட்டார்.

மறுபடி குட்டை. மறுபடி தடித்த அட்டை.

"இந்த மிஷினுக்கு ஞாபகமறதி," என்றார்.

"வயசாச்சுல்ல," என்றது சமையலறை.

மை முனைகளைச் சுத்தம் செய்தார். சாம்பல் மை தீர்ந்தது. கலர் மைகளைக் கலந்து சாம்பல் ஆக்கச் சொன்னார். அப்பா பச்சையாக வந்தார். பிராக்கெட் வம்சத்தில் யாரும் பச்சையாக இருந்ததில்லை. கறுப்பு மை மட்டும் போதும் என்றார். அப்பாவுக்கு அம்மை போட்டது.

கடைசியில் புது மை போட்டுவிட்டு, படத்திலேயே நிழல்களை வெளுக்க ஆரம்பித்தார். அச்சு கறுக்கக் கறுக்க இன்னும் வெளுத்தார். கண் கூசுகிறதென்று கம்ப்யூட்டர் திரையின் வெளிச்சத்தை அவர் எப்போதோ குறைத்திருந்ததால், அதில் கோட்டு கறுப்பாகவே தெரிந்தது.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் தீயணைப்பு நிலையத்துக் காவலாளி டுவேன். "ஃபிரேம் ரெடி சார், எடுத்துட்டு வரவா? வீட்டம்மாவை பீன்ஸ் பானையை இப்பவே கொண்டாரச் சொல்லுங்க."

"நாளைக்குக் கொண்டு போறேனே," என்றாள் லொரெய்ன்.

"கேக்கறாங்கல்ல? போ. நீ திரும்பி வர்றதுக்குள்ள முடிச்சிடறேன்."

வாசலில் சற்று நின்றுவிட்டுப் போனாள்.

ஆல்டன் தாள் வகையை மாற்றினார். இந்தமுறை நாற்காலியை விட்டு எழவில்லை. தாள் அங்குலம் அங்குலமாக வெளியே வந்தது. கோட்டில் பொத்தான்கள் தெரிந்தன. துணியின் மடிப்பு தெரிந்தது. பின்னால் ஆலைக் கதவு தெரிந்தது. இத்தனை வருஷம் இருட்டுக்குள் இருந்த கை தெரிந்தது. கையில், மூக்கு வளைந்த மண்ணெண்ணெய் டின் தெரிந்தது.

அதன்மேல் எழுதியிருந்ததையும் படிக்க முடிந்தது: பிராக்கெட்.

வெளியே டுவேனின் வண்டி வந்து நின்றது. அதிலிருந்து முதலில் இறங்கிய லொரெய்ன், கோட்டைக் கழற்றாமலே உள்ளே வந்து, தாளைப் பார்த்து, ஜன்னல் திரையை இழுத்து மூடினாள்.

"பிரிண்டர்ல ஒரு கோளாறும் இல்லீங்க. நீங்க எழுந்து போனப்பல்லாம் மாத்தி வெச்சது நான்தான். உங்கம்மாவுக்கு அச்சடிக்க நல்லாவே தெரியும்."