சிவப்பு நூல் கட்டிய கப்பு

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு மனமார வருந்துகிறோம். பார்த்தாயா, 'வருந்துகிறோம்' என்றுதான் கை போகிறது. கூரியர் ஆபீசில் தொலைந்த பார்சல்களுக்காக ஒரு நாளைக்கு நாற்பது மன்னிப்புக் கடிதம் அடிக்கிறவனுக்குச் சொந்தமாக ஒரு மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. நான் நலம். நீ நலமா என்று கேட்க முகமில்லை. ஒன்பது நாளாக நீ போனை எடுக்காததால் இந்தக் கடிதம்.

வலைப்பூ ஆரம்பித்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளியோடு எழுதுவதை விட்டவன் நான். அன்றைக்கு நீ போனில் சொன்னாய்: "ஏழாவது மாடியில எனக்குன்னு சிவப்பு நூல் கட்டி ஜன்னலோரமா ஒரு கப்பு வெச்சிருந்தாங்கல்ல, இன்னைக்குக் கழுவுறப்ப கை வழுக்கிடுச்சுடா. நல்லா ஓங்கி வழுக்கிடுச்சு." நீ சிரித்தாய், எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர்கள் வாயில் போகிற அத்தனையும் உன் கையால் சமைத்தது, உன் வாய் பட்ட கப்பு மட்டும் ஆகாதா? அந்த எரிச்சலில் உட்கார்ந்தவன் மூன்று மணி நேரம் எழுந்திருக்கவில்லை, பத்து வருஷத்துக்கு அப்புறம் கை என் பேச்சைக் கேட்டது, சத்தியமாகச் சொல்கிறேன் அக்கா, அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை. 'நெருப்புக்குச்சி' என்று பெயர் வைத்து வலைப்பூ தொடங்கினேன். வாசகர்கள் மூன்று பேர்: ஆபீஸ் கம்ப்யூட்டரில் நான், போனில் நான், பக்கத்து மேஜை சோடாபுட்டி. அவன்தான் படித்துவிட்டு, "எல்லாம் சரி மச்சான், ஹீரோ யாரு? சமையக்காரம்மா கப்ப கீழ போட்டா எவன்டா படிப்பான்?" என்றான். அங்கேதான் புத்தி கெட்டது. தம்பிக்காரன் லிஃப்ட்டில் ஏறிப் போய், நீ சமைக்கிற அந்த வீட்டு அம்மா கண்ணெதிரே கப்பைச் சுவரில் அடித்து உடைத்ததாக மாற்றினேன். வசனமும் வைத்தேன். ஒரே வாரத்தில் ஆயிரம் பேர் படித்து, 'இப்படி ஒரு தம்பி வேண்டும்' என்று உருகினார்கள். அதைப் படித்து நானும் உருகினேன்.

நடந்தது என்ன? போன மழைக்காலத்தில் உன்னிடம் நம் வீட்டுச் சாவி வாங்க அங்கே வந்தேன். வாட்ச்மேன் கை காட்டியதும் லிஃப்ட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்பக்கப் படியில் ஏழு மாடி ஏறினேன். அந்தக் கப்பிலேயே குடித்தேன். நீ போட்ட டீக்கு அந்த அம்மாவைப் பார்த்து, "டீ பிரமாதம்மா" என்று கும்பிடும் போட்டேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்த அம்மாவே பதிவைப் படித்துவிட்டு, 'இப்படியும் மனுஷங்க இருக்காங்களே!' என்று குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்களாமே. எதிர்வீட்டுக்காரி, "நூல் கட்டுன கப்ப உங்க வீட்டுலதானே பாத்தேன்?" என்று கேட்ட பிறகுதான் உறைத்ததாம். மாமா போனில் சொன்னார். உன்னை நிற்க வைத்து, "உன் தம்பி ஏதாவது எழுதுவானா?" என்று விசாரித்தார்களாம். நீ சொன்னாயாம்: "அவனா? உங்க முன்னாடியே அந்தக் கப்புல குடிச்சிட்டுக் கும்பிட்டுப் போனானேம்மா. அவனா எழுதுவான்?" அந்த அம்மா நிம்மதியாகி, "ஆமா, நல்ல பையன்" என்றார்களாம். உன் வேலை தப்பியது என் கும்பிடால். மாமா கடைசியாகச் சொன்னதுதான் இன்னும் குத்துகிறது: "வேலை போயிருக்கும்னு அவளுக்குக் கோவம் இல்லடா. அவ உடைச்சத நீ எடுத்துக்கிட்டியாம்."

ஆகவே பதிவை அழித்துவிட்டேன். வலைப்பூவை மூடிவிட்டேன். இனி பார்சல் மன்னிப்பைத் தவிர ஒரு வரி எழுத மாட்டேன். மாமாவுக்கு வணக்கம், குட்டிக்கு முத்தம். ஓங்கி வழுக்கிய உன் கைக்கு எந்தக் குறையும் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
நல்ல பையன்

பின்குறிப்பு: அழித்துவிட்டேன் என்று எழுதிய பிறகுதான் அழிக்கவே போனேன். கீழே புதுக் கருத்து ஒன்று, 'ஏழாவது மாடி' என்ற பெயரில்: "கப்ப உடைச்சது அக்காக்காரி. தம்பி ரெண்டாவது கப்பும் கேட்டு வாங்கிக் குடிச்சான், சக்கரை தூக்கலா." அந்த அம்மாவும் படிக்கிற இடம் என்று தெரிந்தேதான் போட்டிருக்கிறாய். அழித்தால் அதுவும் போய்விடும். அந்த வலைப்பூவிலேயே நிஜமாக நடந்தது அது ஒன்றுதான். அதனால் நான் எழுதியதை எடுத்துவிட்டு உன் வரிகளை மட்டும் விட்டிருக்கிறேன். காலையிலிருந்து ஒருவர்கூட உருகவில்லை. சோடாபுட்டி மட்டும் எட்டிப் பார்த்து, "ரெண்டாவது கப்புமா மச்சான்?" என்றான். ஆமாம் என்றேன்.