தூங்குமூஞ்சி ஒலிந்தோவின் சான்றிதழ்

வெனிஸுக்குத் தெற்கே காயலோரத்தில் இருக்கும் அந்த மீன்பிடி ஊரில் பாதிப்பேருக்கு ஸ்கர்பான் என்பதே குடும்பப் பெயர். மூத்த மகனுக்குத் தாத்தாவின் பெயரை வைப்பது வழக்கம் என்பதால், ஒலிந்தோ ஸ்கர்பான்கள் மட்டும் ஒரே சமயத்தில் பதினொரு பேர் உயிரோடு இருந்தார்கள். யார் எவர் என்று பிரித்துச் சொல்ல வீட்டுக்கு வீடு ஒரு பட்டப்பெயர் உண்டு. அதுவும் அரசுப் பதிவேட்டில் முறையாக ஏறியிருந்தது.

நம் ஒலிந்தோ, தூங்குமூஞ்சி வீட்டு ஒலிந்தோ. அவருடைய கொள்ளுத்தாத்தா ஒருமுறை ஆயரின் பிரசங்கத்தில் கண்ணயர்ந்துவிட்டார். அந்தக் கால்மணி நேரம் நான்கு தலைமுறைக்குப் பெயராகிவிட்டது. ஒலிந்தோவோ விடியுமுன் படகை எடுக்கிற ஆள்.

இந்நிலையில் நகராட்சி ஒரு சுற்றறிக்கை விட்டது. பட்டப்பெயர்கள் நடைமுறை உண்மையோடு ஒத்துப்போகின்றனவா என்று நேரில் ஆய்வு செய்யப்படும், ஒத்துப்போகாதவை நீக்கப்படும். பெயர் போனால், வீட்டுக்கெதிரே வாய்க்காலில் படகைக் கட்டிவைக்கும் உரிமையும் போகும். பட்டப்பெயரில்லாத ஒலிந்தோ எந்த ஒலிந்தோ என்று அலுவலகத்துக்கு எப்படித் தெரியும்?

ஆய்வாளர் ருஜ்ஜேரி வெளியூர்க்காரர். நேர்மையானவர், அதுதான் தொல்லை. குடிகாரன் வீடு முதல் நாளே தேறியது. கஞ்சன் வீட்டில் ஒரு வாய் காபிகூடத் தரவில்லை. மகிழ்ந்து முத்திரை குத்தினார். திருடன் வீட்டிலிருந்து வெளியே வந்தபோது குடையைக் காணோம். மழையில் நனைந்தபடியே ‘திருப்திகரம்’ என்று எழுதினார்.

ஒலிந்தோ வீட்டுக்குக் காலை பத்து மணிக்கு வந்தார். புருஷன் கடலுக்குப் போயிருப்பதாக மனைவி நிவெஸ் சொன்னாள்.

“தூங்குமூஞ்சிக்குக் கடல்ல என்னம்மா வேலை?”

மூன்று நாள் அவகாசம் தந்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் பத்து மணிக்கு ஒலிந்தோ கோடு போட்ட பைஜாமாவில் கட்டிலில் கிடந்தார். பொன்னுக்கு வீங்கி வந்த வயதுக்குப் பிறகு அந்த நேரத்தில் அவர் படுத்ததே இல்லை. ஆய்வாளர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

“கண்ணு துடிக்குதே.”

“கனா காண்றாருய்யா.”

“குறட்டையக் காணோமே?”

“அதெல்லாமா கேக்குது உங்க படிவம்?”

கேட்டது. ஏழாவது பிரிவு. நிவெஸ் போர்வைக்கடியில் கையை விட்டு ஒரு கிள்ளு கிள்ளினாள். குறட்டைக்கும் அலறலுக்கும் நடுவே ஏதோ ஒன்று வந்தது. முத்திரை விழுந்தது.

“இது ஒரு வருஷத்துக்குத்தான். நடுவுல எப்ப வேணா வருவேன். சொல்லிட்டு வரமாட்டேன்” என்றார் ருஜ்ஜேரி.

படகு கட்டும் இடம் பிழைத்தது. படகும் அன்றிலிருந்து அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. ஊரே இப்படிப் பெயருக்குப் பயந்து வாழ்ந்ததில், இறைச்சி கூடாத வெள்ளிக்கிழமைக்கு மீனை வெளியூரிலிருந்து ஐஸ் பெட்டியில் வரவழைக்க வேண்டியதாயிற்று.

ஆண்டு முடிவில் அறிக்கை வெளியானது: பட்டப்பெயர்கள் நூற்றுக்கு நூறு உண்மை, இவ்வூர் முன்னோர் தீர்க்கதரிசிகள். ஊர் பூரித்துப்போனது. ஒலிந்தோவும் நிவெஸை அதை உரக்கப் படிக்கச் சொன்னார். அவள் இரண்டாம் பத்திக்கு வருமுன் குறட்டை கேட்டது. கிள்ளாமலேயே.