எண்பதில் பாதி நாற்பது

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அடிப்படை அலகு, வழி அலகு என்று பதினோராம் வகுப்புக்கு வருஷா வருஷம் முழங்குகிற இயற்பியல் வாத்தியார் நான். அந்த முதல் பாடத்திலேயே வயலில் ஃபெயிலானவனும் நான்தான்.

மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஆறு மா நிலம் (ரெண்டு ஏக்கர்). வருஷத்துச் சோறு அதிலிருந்துதான். விவசாயம் என் மனைவி கலாவின் இலாகா. ஒரு வருஷம் குறுவைப் பட்டத்துக்குத் தண்ணீர் குறைவு, மூணு மா மட்டும் நடலாம் என்று முடிவு செய்திருந்தாள். அந்த நேரம் பார்த்துத் தங்கையின் பிரசவத்துக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று.

"போன தடவை ஆறு மாவுக்கு நாத்தங்கால் எண்பதுக்கு எண்பது அடி. இப்ப அதுல பாதி விட்டா போதும். செஞ்சிருவீங்களா?"

"டேப் புடிக்கிறதுதானே எங்க பொழப்பே" என்றேன்.

எண்பதில் பாதி நாற்பது. நாற்பதுக்கு நாற்பது அளந்து, கயிறு கட்டி, விதைத்தேன். மூலைகள் நாலும் சுத்தமான தொண்ணூறு டிகிரி. (போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.) எடுத்து வைத்த விதைநெல்லில் பாதி மிஞ்சியது. கலா வந்ததும் காட்டி அசத்தலாம் என்று மூச்சு விடவில்லை.

நடவன்று காலைதான் வந்தாள். மதியத்துக்குள் நாற்று தீர்ந்துவிட்டது. உழுது வைத்த சேற்றில் பாதி அப்படியே கிடந்தது.

"சார், மிச்ச நாத்து எங்க?" என்றார் செல்வி அக்கா. பக்கத்து வயல்காரர், நடவு ஆட்களுக்கும் அவர்தான் தலைவி.

"அவ்வளவுதான்க்கா."

"எவ்வளவு விட்டீங்க?" என்றாள் கலா.

"நீ சொன்ன பாதி. நாப்பதுக்கு நாப்பது."

அவள் சேற்றில் ஒரு சதுரம் கீறினாள். குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு. நாலு கட்டத்தில் ஒன்றைத் தொட்டு, "இதுதான் நீங்க விட்டது" என்றாள்.

நீளம் அடிப்படை, பரப்பு வழி. நீளம், அகலம் ரெண்டையும் பாதியாக்கினால் பரப்பு காலாகிவிடும். முந்தின வாரம் போர்டில் நானே எழுதியது.

மறுபடி விதைத்தால் நாற்று வர மூணு வாரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பருவம் போய்விடும். கலா நடாமல் கிடந்த சேற்றை எட்டு வைத்து அளக்க ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் தேவலை.

செல்வி அக்காதான் தன் நாற்றங்காலில் மிஞ்சியதையும், பயிர் அழுகினால் மாற்றி நட வைத்திருந்ததையும் சேர்த்துப் பறிக்கச் சொன்னார்.

"உங்களுக்கு வேணாமாக்கா?"

"எங்க பயிர் அழுகாது சார். நீங்க அளக்காம இருந்தா போதும்."

அந்த வருஷம் நாங்கள் சாப்பிட்டதில் பாதி அக்கா போட்ட சோறு. இன்றும் நான் அரை டம்ளர் காபி கேட்டால் கலா கால் டம்ளர்தான் ஊற்றுகிறாள். அதையே குடித்துவிடுவேன்.

ஒவ்வொரு பொங்கலுக்கும் புது அரிசி அக்கா வீட்டுக்குப் போகும். இந்தத் தடவையும் நானே தூக்கிக்கொண்டு போனேன்.

"வீட்டுக்கு அரைச்சதுல பாதி கொண்டாந்திருக்கேன்க்கா."

அக்கா பையைத் தூக்கிப் பார்த்தார்.

"உங்க பாதியா, எங்க பாதியா?"