இருபத்தொன்பது சதவீத ஜெரால்டு

சர்க்கரை அளப்பவர் உண்டு, பிரஷர் அளப்பவர் உண்டு. அவர்களை விட்டுவிடுங்கள், பாவம், டாக்டர் சொல்லி அளக்கிறார்கள். யாரும் சொல்லாமலே, உடம்பு இளைக்கத் தொடங்கிய மறுநாளே, தன் உடம்பில் கொழுப்பு நூற்றுக்கு எத்தனை என்று அளக்கக் கிளம்புகிறாரே, அந்தச் சதவீதக்காரரைப் பற்றித்தான் இப்போது பேச்சு. நேற்றுவரை "என்னா குளிரு!" என்று பேச்சைத் தொடங்கியவர், இன்று "எனக்கு இருபத்தொம்பது, உங்களுக்கு?" என்பார். வயதைக் கேட்கிறார் என்று நினைத்து நீங்கள் ஐந்தாறு குறைத்துச் சொல்லிவிடாதீர்கள்.

கொடைக்கானலில் அந்த இனத்துக்கு ஜெரால்டு என்று பெயர். ஏரிப் பக்கம் ஒரு ஹோட்டலில் மேனேஜர். அவருக்கும் உயிரியல் டீச்சர் அனிட்டாவுக்கும் கல்யாணமாகி இருபத்தைந்து ஆண்டு நிறைகிறது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை, பிறகு போட்டோ. நகை கேட்கவில்லை, பட்டுப்புடவை கேட்கவில்லை அந்த அம்மாள். கல்யாணத்தன்று போட்ட அதே கோட்டைப் பொத்தான் பூட்டி அவர் பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காகத்தான் ஜெரால்டு சோற்றைக் குறைத்தார், ஏரியைச் சுற்றி நடந்தார். அதோடு நின்றாரா? கொழுப்பைக் காட்டும் எடை மெஷின் ஒன்றையும் வரவழைத்தார்.

வெள்ளனே எழுந்து, பல் கிடுகிடுக்கச் சட்டையைக் கழற்றி, மோதிரத்தைக் கழற்றி, மூச்சையும் வெளியே விட்டுவிட்டு (அதிலும் கொழுப்பு இருந்து தொலைத்தால்?), வெறுங்காலோடு மெஷினில் ஏறி, செல்போனில் தீர்ப்பு வரும்வரை அசையாமல் நிற்பார். ஹோட்டலுக்கு வருகிறவர்களையும் விடுவதில்லை. ஆதார் அட்டையை வாங்கும்போதே ஆளை மேலும் கீழும் பார்த்து, "முப்பத்திரண்டு" என்று மனசுக்குள் போட்டுக்கொள்வார்.

முதல் நாள் இருபத்தொன்பது. ஒரு வாரம் வயிற்றைக் காயப்போட்ட பிறகு முப்பது! எடை இரண்டு கிலோ இறங்கியிருந்தது. அது யாருக்கு வேண்டும்?

"மொதல்ல ஒடம்புத் தண்ணிதாங்க குறையும். தண்ணி குறைஞ்சா மெஷினு கொழுப்புக் கூடிப்போச்சுன்னு தப்பாக் காட்டும். தெனம் ஏறி எறங்காதீங்க" என்றார் அனிட்டா.

"நீ பிள்ளைகளுக்குப் பாடம் எடு. இது வேற சோலி."

புதன்கிழமை அனிட்டா கோட்டை எடுத்து மாட்டிவிட்டார். மூச்சைப் பிடிக்காமல், யாரும் இழுக்காமல், பொத்தான் பூட்டிக்கொண்டது!

"ஏங்க, பூட்டிருச்சுங்க!" அந்த அம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கல்யாணப் பெண்ணைப் போல முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"முப்பத்தொண்ணு காட்டுது. நீ என்னமோ பொத்தானப் பத்திப் பேசுற."

"கோட்டு பொய் சொல்லுமாங்க?"

"துணின்னா இழுத்த இழுப்புக்கு வரும். மெஷினுக்கு எம்மேல என்ன பகையா?"

மனுஷனுக்கு அன்றைக்கே மனசு விட்டுப்போயிற்று. பட்டினி கிடந்தும் ஏறுகிறது என்றால் எதற்குப் பட்டினி? வியாழக்கிழமை பேக்கரியில் முட்டை பஃப்ஸ், வெள்ளிக்கிழமை பிரியாணி, சனிக்கிழமை மைத்துனி ஜூலியட் கொண்டுவந்த பன்றிக்கறி, அந்த உப்புக்கும் காரத்துக்கும் சொம்பு சொம்பாகத் தண்ணீர்.

ஞாயிறு காலை மெஷினில் ஏறினார். இருபத்தேழு! எடை இரண்டரைக் கிலோ கூடியிருந்தது. செல்போனில் அந்த இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டார். உள்ளே போன தண்ணீரெல்லாம் உடம்பிலேயே தேங்கி நிற்க, மெஷின் இந்தப் பக்கமும் ஏமாந்துபோயிருந்தது. அனிட்டா சொன்னதை இப்போது யார் கேட்பார்கள்? "அல்லேலூயா!" என்று அவர் போட்ட சத்தம் அடுத்த வீடுவரை கேட்டது.

பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றார்கள். போட்டோக்காரர் சிவமுருகன் கேமராவை இறக்கிவிட்டு, "சார், கோட்டுப் பொத்தானப் போடுங்க" என்றார்.

பொத்தானுக்கும் துளைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி.

"அது கெடக்கு தம்பி. எனக்கு இப்ப எத்தனை தெரியுமா? இருபத்தேழு!"

அனிட்டாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கையிலிருந்த பூச்செண்டை மெல்ல நகர்த்தி, அந்த இடைவெளிக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். படம் இன்றும் அவர்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. அதில் ஜெரால்டு மட்டும் சிரிக்கிறார்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் 'இருபத்தொன்பது' என்று படித்ததுமே, "அப்போ நமக்கு எத்தனை இருக்கும்?" என்று மனசு ஒரு எட்டுப் போய்வந்ததா, இல்லையா? சரி, சரி, யாரிடமும் சொல்லமாட்டேன். உள்ளே இழுத்துப் பிடித்திருக்கும் அந்த வயிற்றை முதலில் வெளியே விடுங்கள்.